ஆடுகளம் பூட்டப்பட்ட ஆண்டுகள்

2020 ஜூன் 9 அன்று தமிழக அரசு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ரத்து செய்து, எழுதவிருந்த ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைத் தேர்ச்சி பெற்றவர்களாக அறிவித்தது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 விழுக்காடு, வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடு என்று மதிப்பெண்ணுக்கு ஒரு கணக்கும் சொல்லப்பட்டது. 2021 பிப்ரவரி 25 அன்று 9, 10, 11ஆம் வகுப்புகளுக்கு மறுபடியும் அதே அறிவிப்பு. 'ஆல் பாஸ்' என்னும் தொடர் அந்த நாட்களில் ஏறத்தாழத் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது (எதிர்கால அகராதிக்காரர்கள் மறவாதிருப்பார்களாக). நடத்தாத பாடத்துக்கும் எழுதாத தேர்வுக்கும் அரசு ஓர் ஈடு கண்டது. அதனைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆனால் அதே இரண்டாண்டுகளில் நடக்காமற்போன இன்னொரு பாடமும் பள்ளி அட்டவணையில் இருந்தது. உடற்கல்வி என்பது அதன் பெயர். அதற்கு ஈடு என்ன என்று கேட்டவர் மிகச் சிலரே.

இலக்கியம் பேசும் இடத்தில் பி.டி. பீரியடுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் வினவக்கூடும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன்களாக நான்கினைச் சொல்கிறார். அவற்றுள் ஒன்று விளையாட்டு. உரியியலிலும் விளையாட்டைக் குறிக்கும் 'கெடவரல்', 'பண்ணை' என்னும் இரு சொற்களுக்குப் பொருள் கூறிச் செல்கிறார். இலக்கண நூல் ஒதுக்கிய அந்த இடத்தை நம் பள்ளி அட்டவணைகள் ஒதுக்கினவா என்பதே இங்கே கேள்வி. அதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

கொள்ளைநோய் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக், 1898இல் பெங்களூரை வந்தடைந்து, எல்லை தாண்டிச் சேலம் மாவட்டத்துக்குள்ளும் நுழைந்தது. அன்றைய சேலம் மாவட்டம் ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கிய பெருநிலம் என்பதை நினைவிற் கொள்க. இரயில் பயணிகள் நிறுத்திச் சோதிக்கப்பட்டார்கள். நோய்ப்பகுதியிலிருந்து வந்தவர்களுக்குப் 'பிளேக் பாஸ்போர்ட்' என்றொரு சீட்டுத் தரப்பட்டது. 2020இல் சேலத்திலிருந்து நாமக்கல் செல்ல இ-பாஸ் கேட்டு நின்றவர்கள் தம் கொள்ளுப்பாட்டனாரின் அனுபவத்தையே திரும்பப் பெற்றார்கள் என்று சொல்லலாம். சட்டமும் ஏறத்தாழ அதேதான். 1897இன் தொற்றுநோய்ச் சட்டம் 123 ஆண்டுகள் கழித்து மீண்டும் கையில் எடுக்கப்பட்டது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பிளேக் எலியின் நோய், வீட்டின் நோய். ஆகவே ஊரைக் காலி செய்து, வெளியே காற்றோட்டமான திறந்த நிலத்தில் குடிசை போட்டுத் தங்குவது அக்கால வழி. காசநோய்க்கும் அப்படித்தான். 1904இல் பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க்கில் நோஞ்சான் பிள்ளைகளுக்காக மரங்களுக்கிடையே திறந்தவெளிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1908இல் அமெரிக்காவின் ராட் ஐலண்டில் ஒன்று. கம்பளிக்குள் உடலைப் புதைத்துக்கொண்டு, பனிக்காலத்திலும் சாளரங்களைத் திறந்துவைத்துப் படித்தார்கள். நோய் வந்தால் பிள்ளைகளை வெளியே கொண்டுபோ என்பது நூறாண்டுகளுக்கு முன்னரே மருத்துவர் அறிந்திருந்த பாடம்.

1918இன் இன்புளுயன்சா இந்தியாவில் 1.2 கோடி முதல் 1.8 கோடி உயிர்களை வாங்கியதாக மதிப்பீடுகள் உண்டு. அந்த ஆண்டில் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் ராஜாஜி. போரும் காய்ச்சலும் அடுத்தடுத்து வந்ததில் உலகெங்கும் அரசுகள் இளைஞர் உடலைப் பற்றிக் கவலைகொள்ளத் தொடங்கின. படைக்கு ஆளெடுக்கும்போது தகுதியற்றோர் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கை அவர்களை அச்சுறுத்தியது. போர் முடிந்த சில ஆண்டுகளில் அமெரிக்க மாநிலங்கள் பல, பள்ளியில் உடற்கல்வியைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றின.

சென்னையிலும் அக்காற்று வீசியது. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1919இல் இங்கு வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் உள்ள கல்லூரி அதன் வளர்ச்சி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியோடு உடன் சென்றவரும் இவரே. அதற்கு முன் நம் பள்ளிகளில் இருந்தவர் 'டிரில் மாஸ்டர்'. பெரும்பாலும் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். வரிசையில் நிற்கவைத்துக் கைகாலை அசைக்கச் சொல்வதே அவர் பணி. விளையாட்டும் ஒரு கல்வி, அதைக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் வேர்விட்டது அந்தக் கொள்ளைநோய்க்கு அடுத்த பத்தாண்டுகளில்தான். நோய்தான் அதற்குக் காரணம் என்று நான் கூறமாட்டேன். கால ஒற்றுமையைக் கவனிக்கச் சொல்கிறேன். 1918க்குப் பின் உடற்கல்வி பள்ளிக்குள் வந்தது. 2020க்குப் பின் பள்ளியிலிருந்து முதலில் வெளியே போனது அதுவே.

போனது என்பதுகூடச் சரியன்று. 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், முட்டைக்கும் லாரிக்கும் அடுத்தபடி விடுதியோடு கூடிய தனியார் மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பெயர் பெற்றது. மாநில முதலிடங்கள் ஆண்டுதோறும் இங்கே வந்து குவிந்தன. கோழிப்பண்ணைக்கும் அப்பள்ளிகளுக்குமான ஒப்புமையைச் சொல்லாத எழுத்தாளரே தமிழில் இல்லை. நானும் அதனைத் திரும்பச் சொல்லி வாசகரைச் சலிப்பூட்ட விரும்பவில்லை. விடியலில் தொடங்கி இரவு வரை நீளும் அந்த அட்டவணையில் விளையாட்டுக்கு எத்தனை நிமிடம் என்று பார்த்தால் போதும். பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தும் வழக்கத்தைத் தடுக்க 2017-18இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வும், முதலிட ஆரவாரத்தை அடக்க 2017இல் தரவரிசை அறிவிப்பு நிறுத்தமும் வந்தன. பி.டி. பீரியடைக் காக்க அப்படி வந்த ஆணை எதையும் நான் அறியேன். வந்தது ஒரு வேண்டுகோள்: உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத்துறை அமைச்சராக இருந்தபோது, உடற்கல்வி வகுப்பைக் கடன் வாங்காதீர்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களை மேடையிலேயே கேட்டுக்கொண்டார். அரங்கம் சிரித்திருக்கும்.

அரசுப் பள்ளிகளின் கதை வேறு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் இணைப்பட்டியல், விளையாட்டு மைதானம் வேண்டும் என்றும், நூறு பிள்ளைகளுக்கு மேலுள்ள நடுநிலை வகுப்புகளுக்கு உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் கூறுகிறது. அதன்படி 2012இல் தமிழகத்தில் உடற்கல்வி, ஓவியம், தையல், இசை போன்றவற்றுக்காகப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. மாதத்துக்கு 5,000 ரூபாய். மே மாதம் ஊதியமில்லை. விளையாட்டுக்கு நாம் இட்ட மதிப்பு இதுதான் என்றால், பெருந்தொற்று வந்தபோது அது முதலில் கைவிடப்பட்டதில் வியப்பில்லை.

பள்ளிகள் 2020 மார்ச் நடுவில் மூடப்பட்டன. பத்து மாதம் கழித்து, 2021 ஜனவரி 19 அன்று 10, 12ஆம் வகுப்புகளுக்குத் திறந்தன. பிப்ரவரி 8இல் 9, 11ஆம் வகுப்புகள் வந்தன. இரண்டாம் அலை எழுந்ததும் மறுபடியும் பூட்டு. செப்டம்பர் 1இல் உயர்வகுப்புகள் திரும்பின. ஒன்று முதல் எட்டு வரையிலான குழந்தைகள் பள்ளிப்படியை மிதித்தது 2021 நவம்பர் 1இல். 2022 ஜனவரியில் இன்னொரு மூடல். பாடத்துக்குக் கல்வித் தொலைக்காட்சி இருந்தது. பாடப்பகுதி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கப்பட்டது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. அறைக்கு 25 பேர் என்று திறந்த அந்த ஜனவரியில், காலை வழிபாட்டுக் கூட்டமும் விளையாட்டும் கூடாது என்பது விதி.

இவ்விடத்தில்தான் எனக்கு மறுப்பு உண்டு. முதல் சில மாதங்களின் அச்சத்தை நான் புரிந்துகொள்கிறேன். எவருக்கும் எதுவும் தெரியாத காலம் அது. திருப்பூர்ப் பக்கம் மரத்தடியில் கேரம் ஆடிய இளைஞர்கள் காவல்துறையின் டிரோனைக் கண்டு, கேரம் பலகையாலேயே முகத்தை மறைத்துக்கொண்டு ஓடிய காட்சியைப் பார்த்து நாமெல்லாம் சிரித்தோம். ஆனால் 2020 முடிவதற்குள் ஒன்று தெளிவாகியிருந்தது: இந்நோய் மூடிய அறையின் காற்றில் பரவுவது, திறந்தவெளியில் பரவல் மிகக் குறைவு. அப்படியிருக்க, ஜன்னலோரம் மட்டுமே காற்று வரும் வகுப்பறையில் 25 பேரை உட்காரவைத்துவிட்டு, வேப்பமரம் நிற்கும் மைதானத்தைப் பூட்டினோம். பிளேக் காலத்தார் அறிந்திருந்ததை நாம் மறந்தோம். நோய்க்கு அஞ்சியிருந்தால் வகுப்பை மைதானத்துக்கு மாற்றியிருப்போம். தேர்வுக்கே அஞ்சினோம்.

இழப்பு இன்னதென்று காட்ட எனக்கு நம் மாவட்டத்திலேயே இருவர் இருக்கிறார்கள்.

சின்னப்பம்பட்டி த. நடராஜனை வளர்த்தது டென்னிஸ் பந்து. அவருடைய தாயார் சாலையோரக் கோழிக்கறிக் கடை நடத்தியவர். ஊர்ப்பொதுவில் ஆடிப் பழகிய யார்க்கரோடு, 2020இல் அமீரகத்தில் ஆளின்றி நடந்த ஐ.பி.எல். தொடரில் 16 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அடுத்து ஆஸ்திரேலியா சென்ற இந்திய அணி, தனிமைப்படுத்தல் விதிகளால் உள்ளூர்ப் பந்துவீச்சாளரைப் பயிற்சிக்கு அழைக்க இயலாது என்பதால் வலைப்பயிற்சிக்கும் ஆட்களை உடன் கொண்டுபோயிற்று. அப்படிப் போனவர், காயமுற்றோர் இடத்தில் ஒவ்வொன்றாய் நுழைந்து, 2020 டிசம்பர் 2 முதல் 2021 ஜனவரி 15 வரையிலான ஆறு வாரங்களில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். பெருந்தொற்று ஒருவருக்குக் கதவு திறந்ததற்கு இது உதாரணம்.

பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவின் வழி வேறு. ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்துபோகையில் பேருந்து ஏறி வலக்கால் நசுங்கியது. பள்ளியில் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த பையனைப் பார்த்து, நீ உயரம் தாண்டிப் பார் என்று சொன்னவர் அவருடைய உடற்கல்வி ஆசிரியர். பதினான்கு வயதில் ஊனமற்ற பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாம் இடம். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 2021 ஆகஸ்ட் 24 தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்த வேண்டியவரும் அவரே. விமானத்தில் உடன் வந்த ஒருவருக்குத் தொற்று இருந்ததால் தனிமைப்படுத்தப்பட்டார். கொடியை டேக் சந்த் ஏந்தினார். ஒரு வாரம் கழித்து மாரியப்பன் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். 2024 பாரிஸில் வெண்கலம்.

கொடி போனது பெரிய இழப்பன்று. அவருக்கு மூன்று பதக்கங்கள் இருக்கின்றன. நான் நினைப்பது வேறு. நடராஜன் போன வழி, அதாவது காய்ந்த ஏரியும் டென்னிஸ் பந்தும், பொதுமுடக்கத்தின் சில மாதங்களிலேயே மறுபடியும் திறந்துகொண்டது. மாரியப்பன் போன வழி இரண்டாண்டு திறக்கவேயில்லை. அந்த வழிக்கு ஒரு ஆசிரியரின் கண் வேண்டும். மைதானத்தின் ஓரத்தில் நின்று, இந்தப் பிள்ளையின் கால் வேறு மாதிரி எழும்புகிறதே என்று கவனிக்கும் கண். 2020 மார்ச்சுக்கும் 2022 பிப்ரவரிக்கும் இடையே சேலம், நாமக்கல் கிராமங்களில் அப்படிக் கால் எழும்பிய பிள்ளைகள் எத்தனை பேரோ, பார்த்தவர் இல்லை.

விளையாட்டில் காலம் தேர்வுக் காலத்தைப் போன்றதன்று. பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 என்னும் வயதுப் பிரிவுகளில் நடப்பவை. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏணி. பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டி என்று அதற்குப் பெயர்கள். (பாரதியின் பெயரால் கைப்பந்து ஆடும் ஒரே நாடு நம்முடையதாகத்தான் இருக்கும், எனக்கு அதில் பெருமையே.) ஏணியின் உச்சியில் கிடைப்பது ஒரு சான்றிதழ். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அச்சான்றிதழின் பொருள் பதக்கமன்று. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரருக்கென 500 இடங்கள் உண்டு. அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. போட்டி நடக்கவில்லையென்றால் சான்றிதழ் இல்லை. வேதியியலை அடுத்த ஆண்டு படித்துக்கொள்ளலாம். பதினேழு வயதை அடுத்த ஆண்டு அடைய முடியாது.

டோக்கியோ ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனதும் ஆடவர் கால்பந்தின் 23 வயது வரம்பை 24 ஆக்கினார்கள். 2021 செப்டம்பரில் தமிழக அரசும், கொரோனாவால் ஆள்தேர்வு தாமதமானதைக் கருதி, அரசுப் பணிக்கான உச்ச வயதை இரண்டாண்டு உயர்த்தியது. நியாயமான செயல். பிளஸ் டூ முடித்துப் பள்ளியை விட்டே போய்விட்ட பிள்ளைக்கு இத்தகைய தளர்வைத் தந்தாலும் பயனில்லை. பள்ளிப் போட்டியில் ஆட அவர் இனிப் பள்ளி மாணவர் அல்லர்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அகப்பாடல் நடத்தும்போது 'இற்செறிப்பு' என்னும் இடம் வரும். ஆயத்தோடு ஓரை ஆடித் திரிந்த பெண்ணை, பருவம் வந்ததும் அல்லது ஊரில் அலர் எழுந்ததும், தாய் வீட்டுக்குள் நிறுத்திவிடுவாள். தோழியின் கூற்றாக அதைப் படிக்கும்போது நமக்குத் தலைவனைக் காணமுடியாத துயரமே கண்ணில் படுகிறது. ஓரை நின்றுபோனதை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. 2022இல் எங்கள் கல்லூரியில் சேர்ந்த வகுப்பில் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது முன்வரிசை மாணவி ஒருவர் சிரித்தார். காரணம் கேட்டேன். பத்தாம் வகுப்பில் 400 மீட்டர் ஓட்டத்தில் குறுவட்டப் போட்டி வரை போனவர் அவர். "அப்புறம் ரெண்டு வருசம் வீட்டுலயேதானுங்க சார். ஷூ சின்னதாப் போயிருச்சு. மறுபடி வாங்கலைங்க" என்றார். மேற்கொண்டு அவர் பேசவில்லை.

அண்ணனும் தம்பியும் ஆறு மாதத்தில் ஏரிக்கு மட்டையோடு போய்விட்டார்கள். ஊர்ப்பொதுவில் அவளுக்கு ஆட இடமில்லை, என்றும் இருந்ததில்லை. பதினைந்து வயதுப் பெண் பிறர் பார்க்க ஓடுவதற்கு உரிமையுள்ள ஒரே நிலம் பள்ளி மைதானம். அது பூட்டப்பட்டபோது ஆண்பிள்ளைக்கு ஒரு மைதானம் போயிற்று. பெண்பிள்ளைக்கு இருந்ததே அந்த ஒன்றுதான். தறிக்குழியிலும் சமையலறையிலும் அவளுக்கு வேலை காத்திருந்தது. ஊரடங்கு நாட்களில் குழந்தைத் திருமணங்கள் தடுத்து நிறுத்தப்பட்ட செய்திகளும் நம் வட்டாரத்திலிருந்து வந்துகொண்டிருந்தன.

உடம்பு பட்டதைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் குறிக்கிறேன். சீனாவின் ஒரு நகரில் ஆறு வயதுக் குழந்தைகளிடையே கிட்டப்பார்வை, முந்தைய ஐந்தாண்டுகளில் உச்ச அளவு 5.7 விழுக்காடாக இருந்தது, வீட்டடைப்புக்குப் பின் 2020இல் 21.5 விழுக்காடாகியது. வெளிச்சத்தில் ஓடாத பிள்ளையின் கண் வளரும் விதமே மாறுகிறது. இங்கே அதனோடு இன்னொன்றும் சேர்ந்தது. 2020 தொடக்கத்தில் கோழியால் கொரோனா வரும் என்ற புரளி பரவி நாமக்கல்லில் முட்டை விலை சரிந்து கிடக்க, பள்ளி மூடியதால் சத்துணவுப் பிள்ளையின் தட்டில் நாள்தோறும் விழுந்த முட்டை நின்றது. உற்பத்தியாகும் ஊரிலேயே முட்டை மலிந்து கிடந்ததும், அதை உண்ணவேண்டிய பிள்ளைக்கு அது எட்டாமற்போனதும் ஒரே மாதத்தில் நடந்தவை.

மறுபக்கமும் உண்டு என்பதை மறைக்கலாகாது. 2020 பிப்ரவரியில் வாழப்பாடியில் திறக்கப்பட்டுச் சில வாரங்களிலேயே ஓசையடங்கிப்போன கிரிக்கெட் மைதானத்தில் 2022இல் டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடந்தன. நடராஜன் தம் சொந்த ஊரில் அமைத்த மைதானம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழகத்தின் நான்கு நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் தமிழகம் 38 தங்கத்தோடு நாட்டில் இரண்டாம் இடம் பெற்றது. மாநில விளையாட்டு மீண்டுவிட்டது என்று இதைக் கொண்டு சொல்வோர் சொல்லட்டும். அப்போட்டி 18 வயதுக்குட்பட்டோருக்கானது. அதில் ஓடியவர்கள் பள்ளி மூடியபோது பதினான்கு வயதையும் கடக்காதவர்கள். அவர்களுக்கு இரண்டு மூன்று வயது மூத்தவர்கள், 2020இல் பதினாறும் பதினேழுமாக இருந்தவர்கள், அந்த ஜனவரியில் இருபதைத் தொட்டிருந்தார்கள். சிலர் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு வடமாநிலங்களில் இருந்திருப்பார்கள். சிலர் இளம்பிள்ளையில் தறி ஓட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். சிலர் என் வகுப்பில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து நற்றிணைக்கு உரை எழுதிக்கொண்டிருந்தார்கள்.